சும்மா வந்த கரம்பை

கரம்பை என்றால் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு பைத்தியம். கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் படிந்து கிடக்கும் கறுப்பு வண்டலை வெட்டி, டிராக்டரில் அள்ளிக்கொண்டுபோய்ப் புஞ்சையில் கொட்டிப் பரப்புவார்கள். கரம்பை அடிப்பது என்று அதற்குப் பெயர். ஒரு தடவை அடித்தால் நாலைந்து வருடத்துக்கு உரம் தேவையில்லை, ஈரம் சீக்கிரம் காயாது, செவக்காட்டில்கூட குதிரைவாலி குலுங்கும் என்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "உங்க பக்கம் கரம்பை கெடைக்குமா?" என்று விசாரிக்கிற ஆள் என் வீட்டுக்காரர். தங்கத்தையும் கரம்பையையும் காட்டி எது வேண்டும் என்று கேட்டால், எத்தனை லோடு என்று கேட்பார்.

நான் அருப்புக்கோட்டைக்காரி. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். திருச்சுழிப் பக்கம் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, என் பிள்ளைகளே வேலைக்குப் போய்விட்டார்கள். இன்னமும் எனக்கு இங்கே 'டவுன்காரி' என்றுதான் பேர். வெள்ளாமையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. "டவுன்காரி சொல்லிட்டா, எல்லாரும் கேட்டுக்கங்கப்பா" என்று சிரிப்பார்கள். நானும் சும்மா விட மாட்டேன். "ஆமா, நீங்க அம்புட்டுப் பேரும் வெவரமானவுக. அதான் வெலை ஏறுன பெறகு பருத்தி போடுறீக, எறங்குன பெறகு எடுக்குறீக" என்பேன்.

இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடித்துவிடும். குழாயில் குடிநீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. கேன் தண்ணீர் வேன் வரும், முடிந்தவர்கள் வாங்குவார்கள். மற்றபடி குடிக்கவும் சமைக்கவும் ஊரணி ஒன்றுதான் கதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிறைந்துவிட்டால் அடுத்த கோடை வரைக்கும் ஊர் தாக்குப்பிடிக்கும். அந்தக் கரையில் யாரும் செருப்போடு ஏற முடியாது. கால் அலம்ப முடியாது, ஒரு கைக்குட்டையை நனைக்க முடியாது. ஓட்டுக் கேட்க வந்தவர்களையே செருப்பைக் கழற்ற வைத்த ஊர் இது. மேட்டுப் புஞ்சைகளில் பெய்கிற மழைத் தண்ணீர் வழிந்து, வரத்துக்கால் என்கிற சின்ன வாய்க்கால் வழியாக ஊரணிக்குள் இறங்கும். அந்த மேட்டுப் புஞ்சைகளில் முதல் புஞ்சை எங்களுடையது.

நான் சொல்லப்போவது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. அந்தக் கோடையில் எங்கள் கண்மாயில் கரம்பை வெட்ட உத்தரவு கிடைக்கவில்லை. கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேல முள். என் வீட்டுக்காரர் ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைந்து, அலுத்து, வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அந்தப் புரோக்கர் வந்தான். வெள்ளைச் சட்டை, பைக், நெற்றியில் பளிச்சென்று குங்குமம். வந்ததும் வராததுமாக, "அண்ணாச்சி, எங்க ஓனரு வடக்க ஒரு பெரிய கண்மாயத் தூர்வாருறாரு. கரம்பையக் கொட்ட எடமில்லாமத் தவிக்கிறோம். நீங்க எடத்த மட்டும் காட்டுங்க. லாரிக் கூலிகூட வேண்டாம்" என்றான்.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூத்த பிள்ளை பிறந்தபோதுகூட அப்படி மலர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "எந்தக் கண்மாய்ங்க?" என்று கேட்டேன். "வடக்கத்திக் கண்மாய்ங்க மதினி" என்றான். "வடக்கன்னா எங்க? மதுரைக்கு வடக்கயா, இமயமலைக்கு வடக்கயா?" என்றேன். அவன் மோரைக் குடித்தான். என் வீட்டுக்காரர் என்னை முறைத்து, "ஒனக்கு இதுல என்ன தெரியும்? உள்ள போ" என்றார். நான் உள்ளே போனேன். அடுப்பில் வேலை கிடந்தது.

மறுநாளில் இருந்து டிப்பர் லாரிகள் வந்தன. மேலே தார்ப்பாய் கட்டி, கயிறு இழுத்து, பத்திரமாக மூடிக்கொண்டு வந்தன. மண்ணுக்கு எதற்குத் தார்ப்பாய் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொட்டிய மண் கன்னங்கரேல் என்று இருந்தது. கட்டி இல்லை, கல் இல்லை. எங்கள் கண்மாய்க் கரம்பையில் நத்தைக் கூடு கிடக்கும், கோரைக்கிழங்கு கிடக்கும், ஓட்டாஞ்சில்லு கிடக்கும். இதில் ஒரு புழு பூச்சி இல்லை. பயப்பட வேண்டிய விஷயமே அதுதான். ஆனால் ஊரே வந்து நின்று அதைத்தான் மெச்சியது. என் வீட்டுக்காரர் ஒரு கை அள்ளி விரலிடுக்கில் விட்டுக் காட்டினார். "சல்லடையில சலிச்ச மாவு கணக்கா இருக்கு, பாத்தீகளா? இந்த மாதிரிக் கரம்பைய எங்க அய்யா காலத்துலகூடப் பாத்ததில்ல" என்றார். அதைப் பார்த்து வரத்துக்கால் ஓரமாகப் புஞ்சை வைத்திருந்த இன்னும் மூன்று பேர் புரோக்கரைக் கூப்பிட்டுத் தங்களுக்கும் லோடு சொன்னார்கள். பெரிய சண்டையே நடந்தது, யாருக்கு முதலில் என்று.

நெடி இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். மூக்கில் ஏறி, தொண்டையில் உட்கார்ந்துகொள்கிற ஒரு காரமான நெடி. கேட்டதற்கு, "கண்மாய்ச் சேறு பின்ன மல்லியப்பூவாட்டமா மணக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர். மண்ணைப் பரப்ப வந்த பெண்களுக்குக் கால் விரல் இடுக்கெல்லாம் அரித்துச் சிவந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார்கள். கரம்பையில் அரிப்பு வருவது உண்டுதான் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். கிடைக்காத பொருள் கையில் கிடைத்துவிட்டால் அதில் குறை சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை.

ஆவணியில் ஒரு நாள் காலையில் நல்ல தூறல் விழுந்தது. பள்ளத்தில் தேங்குகிற அளவுக்குத்தான், வரத்துக்கால் ஓடுகிற அளவுக்கு இல்லை. வெயில் வந்த பிறகு, வரப்போரம் நட்டிருந்த முருங்கையில் கீரை ஒடிக்கலாம் என்று புஞ்சைக்குப் போனேன். உழவு சாலில் தண்ணீர் தேங்கி இருந்தது. பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. ஓரத்தில் பச்சையாக ஒரு ஆடை படிந்திருந்தது.

எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளையில் எங்கள் தெருச் சாக்கடையில் ஒரு நாள் சிவப்பு ஓடும், மறுநாள் நீலம் ஓடும். பக்கத்துச் சாயப்பட்டறையில் அன்றைக்கு என்ன சேலைக்குச் சாயம் போட்டார்கள் என்று சாக்கடையைப் பார்த்தே சொல்லுவோம். அதில் காலை வைத்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அந்தத் தண்ணீர் என் வீட்டுக்காரரின் புஞ்சையில், சால் சாலாக நின்றுகொண்டிருந்தது. "ஆத்தாடி! அடப்பாவிகளா, எங்க காட்டுல கொண்டாந்து கொட்டிட்டுப் போயிட்டீகளே" என்று யாருமே இல்லாத இடத்தில் நின்று கத்தினேன். அப்புறம்தான் போன் எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

வந்தார். குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீரில் விரலை விட்டுக் கலக்கினார். விரல் ஊதாவாக வந்தது. வேட்டியில் துடைத்தார். வேட்டியில் ஒட்டியதே தவிர விரலில் போகவில்லை. மண்ணை எடுத்துத் தேய்த்தார், எச்சிலைத் துப்பித் தேய்த்தார். "இது கரம்பையில இருந்து வந்ததா இருக்காது. மேல எங்கிட்டோ இருந்து வந்திருக்கும்" என்றார்.

"மேலயா? நம்ம புஞ்சைக்கு மேல யாரு புஞ்சை இருக்கு? வானந்தான் இருக்கு. வானமா சாயம் ஊத்துச்சு?" என்று கேட்டேன்.

நான் விடவில்லை. "அந்தப் பய மோரக் குடிச்சானே, அப்பவே கேட்டேனே எந்தக் கண்மாய்னு! உள்ள போன்னு சொன்னீகள்ல?" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் ஏசினேன். அவர் தலையைக் குனிந்து விரலையே தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கே பாவமாகிவிட்டது. கல்யாணமான நாளில் இருந்து அந்த மனுஷன் என்னை எதிர்த்துப் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் அடுத்த இடி வந்தது. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, வெள்ளாடு வளர்க்கிறவர். அவருடைய ஆடுகள் மேய்ச்சலுக்குப் போன வழியில் எங்கள் புஞ்சைக்குள் இறங்கி, மண்ணில் பூத்திருந்த வெள்ளை உப்பை நக்கியிருக்கின்றன. சாலில் நின்ற தண்ணீரையும் குடித்திருக்கின்றன. உப்பு என்றால் ஆட்டுக்கு உயிர். வீட்டுக்கு வந்து சேரும் முன்பே ஒன்றொன்றாகக் கால் மடங்கி விழுந்தன. வாயில் நுரை. சினையாடு ஒன்று வயிற்றை உதறி உதறிக் கத்தியதை நான் இன்னமும் மறக்கவில்லை. அக்கா தெருவில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டார். "எவன் வச்ச வெஷமோ, அவன் குடும்பம் வெளங்குமா?" என்று கத்தினார். விஷம் எங்கள் புஞ்சையில் இருக்கிறது என்று நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

மாட்டு டாக்டர் வந்தார். நான் பாட்டிலில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது எங்க இருந்துச்சும்மா?"

"எங்க புஞ்சையில சார்."

"மழை பெஞ்சா ஒங்க புஞ்சைத் தண்ணி எங்க போகும்?"

எல்லாத் தலையும் ஊரணிப் பக்கம் திரும்பியது. நான் பக்கத்தில் இருந்த மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆடு செத்ததைப் பார்த்து அழுதுகொண்டிருந்தோமே, இன்னும் இரண்டு மாதத்தில் ஐப்பசி மழை வரும், இந்தப் புஞ்சையில் இருப்பது முழுவதும் கரைந்து எங்கள் குடத்துக்குள் வரும் என்று ஒருத்தருக்கும் அதுவரை உறைக்கவில்லை. "ஊரணிக்கு மட்டும் போக விட்டுறாதீங்க. கொதிக்க வச்சாலும் இது போகாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

புரோக்கருடைய போன் அணைந்திருந்தது. அவன் சொன்ன ஊரில் போய் விசாரித்தால் அப்படி ஒரு ஆளே இல்லை. லாரி நம்பரை யாரும் பார்த்து வைக்கவில்லை. சும்மா வந்த சாமானுக்கு யார் நம்பர் பார்ப்பார்கள்? எந்த ஊர்ச் சாய ஆலையில் இருந்து அது வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. மனு கொடுத்தோம். அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆளுக்கு ஒரு பாலிதீன் கவரில் மண்ணை அள்ளினார்கள். சோதனை முடிவு வரும் வரைக்கும் அந்த மண்ணை யாரும் அள்ளவோ நகர்த்தவோ கூடாது, அது சாட்சி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நாங்க தொடல சார். மழைகிட்ட யாரு போய்ச் சொல்றது தொடாதன்னு? நீங்க சொல்றீகளா?" என்று ஜீப்பு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "மேலிடத்துக்கு எழுதுறோம்மா" என்றார் உள்ளே இருந்தவர். ஜீப்பு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. சோதனை முடிவு வரவில்லை. புரட்டாசி போய்க்கொண்டிருந்தது. அந்தப் புஞ்சையில் விதைத்துப் பார்ப்போம் என்று என் வீட்டுக்காரர் ஒரு ஓரத்தில் போட்ட குதிரைவாலி முளைக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தால் விதை கறுத்து, நசுக்கினால் மாவாகப் போனது. பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். ஊதா நிறம் நகக்கண்ணில் அப்படியே இருந்தது.

கடைசியில் ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. வரப்புகளை ஜேசிபி வைத்து உயர்த்திக் கட்டுவது என்று முடிவானது. சாதாரண மழைக்குத் தாங்கும். பெருமழை வந்தால்? எல்லாருக்கும் பதில் தெரியும். என் வீட்டுக்காரர் எழுந்தார். "வரப்பு ஒடைஞ்சா வரத்துக்கால அடைச்சிருவோம். இந்த வருசம் ஊரணிக்குத் தண்ணி வேண்டாம்" என்றார்.

"ஏலே, புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? மழைத் தண்ணிய வேண்டாம்னு சொல்ற ஊரு ஒலகத்துல எங்கயாச்சும் உண்டா?" என்று அவருடைய கூட்டாளி ஒருவர் பாய்ந்தார். "நீ சும்மா கெடைக்குதுன்னு கொட்டுவ, ஊரு தாகத்துல சாகணுமா?"

"என்னைய என்ன வேணா சொல்லு. வெட்டிப் போடுன்னாலும் போடு. அந்தத் தண்ணிய மட்டும் ஊரணிக்குள்ள விட்றாத" என்றார் என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு யாரும் அவரை ஏசவில்லை. மற்ற மூன்று புஞ்சைக்காரர்களும் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்கள். கலையும்போது ஊர்த் தலைவர் இன்னொன்றும் சொன்னார். "விசயம் இந்த ஊர விட்டு வெளிய போகக் கூடாது. தெரிஞ்சா நம்ம கம்பு, குதிரைவாலி எதையும் ஒருத்தனும் வாங்க மாட்டான். பொண்ணு குடுக்கவும் யோசிப்பாக." எல்லாரும் சரி என்றோம். நானும்தான் சரி என்றேன்.

ஐப்பசியில் மழை வந்தது. வருகிற மழை ஒழுங்காக வந்து தொலையக் கூடாதா? எத்தனையோ வருடம் கருத்துக் கருத்து ஏமாற்றிவிட்டுப் போன வானம், அந்த வருடம் பார்த்துத்தான் கொட்டித் தீர்த்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் "ஒடைஞ்சிருச்சு, ஒடைஞ்சிருச்சு" என்று தெருவில் சத்தம். மண்வெட்டியும் கையுமாக எல்லாரும் ஓடினோம். உரச் சாக்கில் மணல் நிரப்பி முன்கூட்டியே அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் வரப்பை உடைத்துக்கொண்டு ஊதாவும் கறுப்புமாகத் தண்ணீர் வரத்துக்காலில் நுரைத்து வந்தது. ஊரணி வாய்க்குக் கூப்பிடு தூரம்தான் பாக்கி.

முதல் மூட்டையைத் தூக்கிப் போட்டது என் வீட்டுக்காரர். அதன்மேல் ஊரே போட்டது. ஆண், பெண் என்றில்லை. என் ஓரகத்தி முக்காடு நழுவியது தெரியாமல் சேற்றில் மூட்டையை இழுத்துவந்தார். நான் மூட்டை பிடித்துக்கொண்டே ஏசினேன். புரோக்கரை ஏசினேன், முகம் தெரியாத அந்த ஆலைக்காரனை ஏசினேன், மழையையும் ஏசினேன். மழையை ஏசலாமா என்று பக்கத்தில் ஒருத்தி அழுதாள். அடைப்பு ஏற ஏற, தண்ணீர் முட்டி, பக்கவாட்டில் திரும்பப் பார்த்தது. அந்தப் பக்கம் ஒரு பழைய ஓடை உண்டு. எங்கள் ஊர் எல்லையில் சீமைக்கருவேல முள் அடைத்துக் கிடக்கும். நான் வாக்கப்பட்டு வந்த நாளில் இருந்து அதில் தண்ணீர் போய்ப் பார்த்ததில்லை. "அங்கிட்டுத் திருப்புங்கப்பா, முள்ளுக்காட்டோட போய்ச் சொவறிரும்" என்று யாரோ சத்தம் போட்டார்கள். கரையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்தது.

அப்புறம் வேலை இல்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொட்டுகிற மழையில் ஒரு சொட்டும் ஊரணிக்குள் இறங்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஒருத்தருக்கொருத்தர் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. மழை பெய்து ஊரே அழுதது இந்தச் சீமையில் அன்றைக்குத்தான் இருக்கும். நேராக விழுந்த மழையில் ஊரணியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆனாலும் பிழைத்தோம், ஊரணி கெடாமல் காப்பாற்றிவிட்டோம் என்று வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. கேன் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மழை வெறித்து ஒன்றிரண்டு நாள் கழித்து, காலையில் வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. பக்கத்துக் கீழூர்க்காரி ஒருத்தி, அவள் புருஷன். திருச்சுழி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு அவளோடு பழக்கம். மற்றபடி அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பழைய காலத்தில் அந்த ஓடைத் தலைப்பை மண்ணைப் போட்டு மூடி, மழைத் தண்ணீர் முழுவதையும் எங்கள் ஊர்க்காரர்கள் ஊரணிக்குத் திருப்பிக்கொண்டதில் வந்த பகை. என் மாமனார் காலத்தில் அடிதடி, கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. அந்த ஊரில் இருந்து ஒருத்தர் எங்கள் வாசல் ஏறுவது அதிசயம்தான். அவள் கையில் வாழைப்பழச் சீப்பு, வெற்றிலை பாக்கு, மூடி போட்ட ஒரு தூக்குவாளி. முகமெல்லாம் சிரிப்பு.

"மதினி, நல்லாருப்பீக நீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓடைய நீங்களே வெட்டி விட்டீகளாமே! எங்க ஊர்ல நம்பவே மாட்டேன்னாக. இந்தக் கோடையில நூறு நாள் வேலையில எங்க எல்லை வரைக்கும் ஓடைய நல்லாத் தூர்வாரி வச்சிருந்தோம். தண்ணி எங்கயும் நிக்காம நேரா எங்க ஊரணிக்கு வந்துருச்சு. நெறஞ்சு தளும்புது மதினி!"

என் வீட்டுக்காரர் விருட்டென்று எழுந்து நின்றார். அவள் கவனிக்கவில்லை. அவள் புருஷன் அவரிடம், "அண்ணே, பெரியவுக காலத்துச் சண்டையெல்லாம் மனசுல வச்சுக்கிறாதீக. ஒங்க ஊருக்கே இல்லாம எங்களுக்கு விட்டிருக்கீக. இந்த மனசு யாருக்கு வரும்?" என்று கும்பிட்டான்.

அவள் தூக்குவாளியை என்னிடம் நீட்டினாள். "மொதத் தண்ணி. நேத்துப் பொங்க வச்சு, கொலவ போட்டு, எல்லாரும் குடம் எடுத்தோம். ஒங்க வீட்டுக்கும் குடுக்கணும்னு ஊர்ல சொல்லி விட்டாக. புதுத் தண்ணியில்ல, கொஞ்சம் கலங்கலா, ஒரு நெறமா இருக்கு. தேத்தாங்கொட்டை ஒரசிப் போட்டுருக்கோம். தெளிஞ்சிரும்."

நான் மூடியைத் திறந்தேன். அந்த நெடி.

"குடிக்காதீக" என்றேன். "தாயி, யாரும் அதக் குடிக்காதீக. அது சாயத் தண்ணி. வெஷம். எங்க ஆடு அம்புட்டும் செத்துப்போச்சு." அவள் சிரித்துக்கொண்டே பார்த்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். பிறகு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டாள்.

"தெரிஞ்சா விட்டீக?" என்று கேட்டாள்.

"தண்ணி கெட்டதுன்னு தெரியும்மா" என்றார் அவர். "ஒங்ககிட்ட வரும்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது. மொதல்ல ஊருக்குப் போனப் போடுங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவள் புருஷன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஊரணித் தண்ணியத் தொடாதீக, ஊர்ல எல்லாருக்கும் சொல்லு, கொட்டிருங்க என்று இவன் கத்தினான்.

"என்னத்தக் கொட்டச் சொல்ற?" என்றாள் அவள். "எல்லா வீட்டுலயும் ஒலை எறக்கி, சாப்பிட்டுக்கிட்டு இருக்காகளே."